அட்டையின் மறுபாதி

இங்கே வந்த முதல் வாரத்தில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்து எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஸ்காட்லாந்தின் வடக்கே, கடலோர ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரி. தலை முழுக்க நரைத்த மனிதர். இருதயம் என்றால் இந்த வட்டாரத்துக்கே அவர்தான். படுக்கையில் இருந்த கிழவியிடம், "ஒரு நிமிடம், இந்த மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே கணினியில் தேட ஆரம்பித்தார். ஐயோ, மனுஷனுக்கு மானம் போயிற்றே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிழவியோ அலட்டிக்கொள்ளவே இல்லை. பின்னல் ஊசியை எடுத்து இரண்டு வரிசை பின்னினாள். அவர் தேடி, படித்து, எழுதிவிட்டுப் போனார். மறுநாள் அதே மருந்துக்கு மறுபடியும் தேடினார்.

எங்கள் கோலார் தங்க வயலில் இதைச் செய்து பார்க்கவேண்டும்! ராபர்ட்சன்பேட்டை மெடிக்கல் ஒன்றில் நானும் ஸ்டெல்லாவும் ஆறு வருடம் வேலை பார்த்தோம். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்மசி படித்தவர்கள். சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு தடித்த புத்தகம் இருந்தது, ஆனால் கவுன்டருக்கு அடியில். மேலே வைத்தால், "இன்னா இது, புக்க பாத்துக்கினு மருந்து குடுக்குது இந்தப் பொண்ணு" என்று ஜனங்கள் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள் என்பது முதலாளியின் பயம். அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். எங்கள் ஊரில் யாரும் முழு அட்டை வாங்குவதில்லை. நாலு மாத்திரை கேட்டால் பத்து உள்ள அட்டையில் நாலை வெட்டிக் கொடுக்கவேண்டும். அதற்கான கத்திரிக்கோல் எப்போதும் கையில் இருக்கும். சந்தேகம் வந்தால் அதைக் கீழே போட்டுவிடுவோம். "அடடா, கத்திரிக்கோல் விழுந்துடுச்சு" என்று குனிந்து, புத்தகத்தைப் புரட்டிப் படித்துவிட்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு எழுந்து பதில் சொல்வோம். ஒருநாள் நான் குனிந்து வெகு நேரமாகிவிட்டது. காத்துக்கொண்டிருந்த பென்ஷன்காரர் ஒருவர், சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் முப்பது வருடம் இறங்கி ஏறியவர், கவுன்டர் மேல் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, கத்திரிக்கோல் எந்த லெவலுக்குப் போயிடுச்சி? கேஜ் அனுப்பட்டுமா?" ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் இருமல் மருந்து பாட்டில் ஒன்று உடைந்தது.

இந்தப் பழக்கத்தோடு வந்தவள் நான். எங்கள் மருந்துப் பிரிவின் மேலாளர் இயன், சிவந்த தாடிக்காரர், முதல் மாதத்தில் ஒரு மருந்தைப் பற்றிக் கேட்டார். பட்டென்று பதில் சொன்னேன். "பார்த்தாயா?" என்றார். "எனக்குத் தெரியும்" என்றேன். "தெரியும் என்பது தெரிகிறது, பார்த்தாயா?" என்றார் மறுபடியும். எனக்கு வந்ததே கோபம்! என் பட்டத்தைச் சந்தேகப்படுகிறான் என்று நினைத்து, மறுநாள் மதிப்பெண் சான்றிதழ்களின் நகலை எல்லாம் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். மனிதர் ஒவ்வொரு தாளாக மரியாதையோடு படித்தார். "மிக நல்ல மதிப்பெண்கள்" என்றார். பிறகு கணினியைக் காட்டி, "இப்போது பார்க்கலாமா?" என்றார்.

இந்த நாட்டு மருந்துக் கையேடு இணையத்தில் இருக்கிறது. எந்த மருந்து எதோடு சேராது, சிறுநீரகம் பழுதானவருக்கு எவ்வளவு, கர்ப்பிணிக்கு ஆகுமா, எல்லாம் அதில் உண்டு. போகப் போக அந்தப் பக்கம் எனக்கு வெற்றிலைப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. கையில் இல்லாவிட்டால் பேச்சு வராது. ஆசையாக ஸ்டெல்லாவுக்கு இணைப்பை அனுப்பினேன். அவள் அதற்குள் ஊரில் சொந்தமாகச் சின்ன மெடிக்கல் வைத்துவிட்டாள். உடனே அழைத்தாள். "உங்க நாட்டுல இருந்து பாத்தாதான் தொறக்குமாம்டி. எங்களுக்குக் கதவு சாத்திட்டான்."

பரவாயில்லை, நான் இருக்கிறேனே என்று சொன்னேன். அவள் மருந்தின் பெயரை அனுப்புவாள். நான் படித்துச் சொல்வேன். அங்கே தங்க வயலிலேயே, மாரிக்குப்பத்தில் இருக்கும் அப்பாவோ, டாக்டரே கையில் கொடுத்த மாத்திரையைக்கூட என்னைக் கேட்காமல் வாயில் போடமாட்டார். "எம் பொண்ணு அங்க பாத்துட்டு சொல்லணும்" என்று ஊரெல்லாம் பெருமை. ஒளிப்பானேன், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைத்தார். "உடம்பு கணகணன்னு கீதுமா. மூக்கு வேற அடைக்குது. பஸ் ஸ்டாண்டாண்ட நாலு மாத்திர வாங்கியாந்தேன். போட்டுக்கலாமா, பாத்து சொல்லு." ஸ்டெல்லா மாதாகோயிலுக்குப் போயிருந்ததால் அவள் கடை பூட்டியிருந்தது. அப்பா படம் அனுப்பினார். வெட்டிய அட்டை, நாலு மாத்திரை, பின்பக்கத்தில் பாராசிட்டமால் என்ற பெயர், அதற்குக் கீழே கத்திரிக்கோல் போன கோடு. நான் கையேட்டைத் திறந்தேன். இரத்த அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், இரண்டுக்கும் அப்பா மாத்திரை சாப்பிடுகிறார். எல்லாவற்றோடும் பாராசிட்டமாலைச் சேர்த்துப் பார்த்தேன். இயன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். "தாராளமா போடுங்கப்பா" என்றேன்.

மறுநாள் காலை அப்பாவுக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. வயிறு உப்பி, வலியில் துடித்தவரை ஸ்டெல்லாதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றினார்கள். மூன்றாம் நாள் நான் ஊரில் இருந்தேன். கட்டிலில், பக்கத்தில் தொங்கும் பையோடு அப்பா சிரித்தார். "இன்னாமா, இதுக்குப் போயி பிளேன் ஏறி வந்துகினு." என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அங்கேயே நின்றுகொண்டு, என்ன தவறு செய்தேன் என்று பார்க்கக் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உங்கள் நாட்டில் இதைக் காண இயலாது என்று வந்தது. ஸ்காட்லாந்தில் தினம் கும்பிடு போட்டு உள்ளே விட்டவன், சொந்த ஊரில் என்னை யாரென்றே தெரியாது என்றான்.

ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ஒரு தாள் உறையை எடுத்தாள். அப்பாவின் பாதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கடை கடையாக ஏறியிருக்கிறாள். மூன்றாவது கடையில், வெட்டிய ஓரம் பல்லோடு பல் பொருந்துகிற மறுபாதி கிடைத்திருக்கிறது. இரண்டையும் கட்டிலின் மேல் சேர்த்து வைத்தாள். பாராசிட்டமாலுக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று மூக்கடைப்புக்கு, ஒன்று சளிக்கு. இரண்டுமே புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை நிறுத்திவிடக்கூடியவை. எங்கள் ஊரில் ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து இருக்கலாம் என்பதை ஆறு வருடம் வெட்டிக் கொடுத்த நான் மறந்துபோயிருந்தேன்.

"அந்தப் பேஜ் தப்பில்லடி" என்றாள் ஸ்டெல்லா. குரலில் கோபம் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். "பாதி அட்டய வெச்சிக்கினு முழு பதில் சொல்லிட்ட. அதான் தப்பு." மருந்துக் கம்பெனியின் விவரத்தாளை இணையத்தில் எடுத்துப் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு பார்மசி கல்லூரியின் மருந்துத் தகவல் மையத்துக்கும் அழைத்து உறுதிசெய்துகொண்டாளாம். "ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி சொன்னாதான் நான் வாயத் தொறப்பேன். இப்பல்லாம் ஃபோன கவுன்டர் மேலயே வெச்சு பாக்கறேன். போறவன் போவட்டும்." அவளுக்கு நான்தான் ஜன்னல் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என் மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

டியூபை எடுத்த அன்று காலை டாக்டர் சொல்லிவிட்டார்: சாயங்காலத்துக்குள் தானாகப் போகாவிட்டால் மறுபடி டியூப்தான், பிறகு ஆபரேஷன். அப்பா தண்ணீராகக் குடித்தார். இரண்டு முறை பாத்ரூமுக்குப் போய்விட்டு, தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார். சுரங்கத் தூசி குடித்த நெஞ்சு அவருக்கு. மயக்க மருந்தைத் தாங்குமா என்பதுதான் என் பயம். ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். நான் கைபேசியைத் தொடவேயில்லை. மூன்றாவது முறை போனவர் வெகு நேரம் வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "சிஸ்டர்! ஆயித்து, ஆயித்து!" என்று கன்னடத்தில் ஒரு கூச்சல். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "கேஜ் எறங்கிடுச்சிமா." ஸ்டெல்லாவும் நானும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம்.

கிளம்பும் நாளில் அப்பா தன் பாதி அட்டையை என்னிடமே கொடுத்தார். மறுபாதியை ஸ்டெல்லா கடைச்சுவரில் ஒட்டியிருக்கிறாள். வெட்டிக் கொடுக்கும்போது முழுப் பெயர்களையும் உறையில் எழுதிக் கொடுக்கிறாள். என்னுடையது ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் என் படம், பின்னால் அது.

போன வாரம் இயன் கண்ணில் அது பட்டுவிட்டது. வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஒரு மாத்திரை அட்டையை யாராவது வெட்டுவார்களா என்று அவருக்கு ஒரே வியப்பு. "மீதியில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த இரண்டு பெயர்களையும் சொல்வேன். ஆனாலும், "இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று கைபேசியை எடுத்து ஸ்டெல்லாவை அழைத்தேன். கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் பேச்சுச் சத்தம். "சுவத்துல கீற அட்டயப் பாத்து ஒருவாட்டி படிடி" என்றேன். அவளுக்கு மட்டும் மனப்பாடமாகத் தெரியாதா என்ன? "இரு" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஏழு கடல் தாண்டி, கோலார் தங்க வயலில் ஒரு கத்திரிக்கோல் 'டங்'கென்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது.