‘டி’ எழுத்தின் மேல் ஒரு கோடு

எல்கோ நகரின் ரயில்பாதைத் தெருவில் பழங்காசுக் கடை நடத்தும் லோர்னா ஹாஸ்கெட், அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தன் பழைய கையெழுத்தைத் தன் எதிரிலேயே கண்டாள். “1893, சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. அசல்.” இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதன்மேல் அந்த வெள்ளி டாலர்.

கொண்டுவந்தவர் கிராத்தியன் எச்செபெரி, மலைச்சரிவில் ஆட்டு மந்தை வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர். அவர் மந்தை நீர் குடிக்கும் ஊற்றும் அதைச் சூழ்ந்த நிலமும் ஏலத்துக்கு வந்திருந்தன. மாலை ஐந்து மணிக்குள் ஆறாயிரம் டாலர் முன்பணம் கட்டாதவர்க்கு ஏலத்தில் இடமில்லை.

காசை வாங்குவதற்கென்றே ரீனோவிலிருந்து வந்திருந்தான் காசு வியாபாரி வெண்டல். “நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மேடம். பணம் பையிலயே இருக்கு” என்றான்.

லோர்னா காசை விளிம்பில் பிடித்து வெல்வெட் துணிமேல் வைத்தாள். பின்பக்கத்தில், இலைவளையத்துக்குக் கீழே, ஊரைக் குறிக்கும் ‘எஸ்’ எழுத்து. காசை விற்ற அன்று அவள் பார்த்ததெல்லாம் அவ்வளவே. வேறு ஊரில் அடித்த காசில் அவ்வெழுத்தை ஒட்டி ஏமாற்றுவோர் உண்டென்பதை அறிவாள். ஆனால் எழுத்தின் வடிவம் சரியாயிருக்கவே நம்பிவிட்டாள். ஆறாண்டுகள் கழிந்த பின்பே தெரிந்தது, உண்மை முன்பக்கத்தில் இருக்கிறதென்று. 1893-இல் அடித்த சான் பிரான்சிஸ்கோ டாலர்கள் அனைத்தின் முன்பக்கமும் ஒரே அச்சில் பிறந்தது. அதிலுள்ள பெண்ணின் மகுடத்தில் பொறித்த ‘லிபர்ட்டி’ என்ற சொல்லிலுள்ள ‘டி’ எழுத்தின் மேற்புறம் மெல்லிய சாய்கோடு ஒன்று எழும்பி நிற்கும். அன்றிலிருந்து கிராத்தியனைத் தெருவில் காணும்போதெல்லாம் அவள் நெஞ்சில் முள் தைத்தது. காசை மீண்டும் காட்டச் சொல்லி ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லை.

காசைத் திருப்பினாள். இத்தனை ஆண்டும் கோட்டுப் பையில் கிடந்ததால் ‘டி’ அழுக்கில் மூழ்கியிருந்தது.

“அழுக்கா? குடு, சட்டையில ஒரு தேய் தேச்சுத் தரேன்” என்றார் கிராத்தியன்.

“ஐயோ, கை வைக்காதீங்க! தேச்சா பாதி விலை போயிடும்.”

சிறு கண்ணாடிக் கிண்ணத்தில், தேய்க்காமலே அழுக்கைக் கரைக்கும் அசிட்டோனை ஊற்றிக் காசை அதில் இட்டாள். அழுக்கு இளகக் காத்திருந்தாள். பின் எடுத்து உலரவைத்து, லென்ஸைக் கண்ணருகே கொண்டுசென்றாள்.

“என்ன லோர்னா, காசுக்குள்ள கிணறு தோண்டுறியா?” என்றார் கிராத்தியன்.

கோடு இல்லை. விளக்கைச் சாய்த்தாள், அப்போதும் இல்லை. மறுபுறம் ‘எஸ்’ எழுத்தின் அடியைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு ஒட்டுவரி. வெண்டல் காசைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘சரி’ என்றால் ஊற்று பிழைக்கும், முள்ளும் ரீனோவுக்குப் போய்விடும்.

“இது அசல் இல்ல. எழுத்து ஒட்டினது. அன்னிக்கு நான் பின்பக்கம் மட்டும் பாத்தேன். தப்பு என்னோடது” என்றாள்.

கிராத்தியன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஆறு குதிரைய வித்து உன்கிட்ட வாங்கினேன். உன் சீட்டை நம்பித்தான்.”

லோர்னா இரும்புப் பெட்டியைத் திறந்தாள். விற்பதில்லையென்று ஒதுக்கி வைத்திருந்த, அதிகம் தேயாத 1889 கார்சன் சிட்டி டாலரை வெல்வெட்டில் வைத்தாள்.

“வெண்டல், இது ஆறாயிரம் பெறும். ஆனா என் பேச்சை நம்பாதீங்க. நீங்களே பாருங்க.”

“எனக்குப் பிச்சை வேணாம்” என்றார் கிராத்தியன்.

“பிச்சை இல்லீங்க. உங்க ஆறு குதிரைக்கு நான் அன்னிக்கே குடுத்திருக்க வேண்டியது.”

வெண்டல் காசை எடை போட்டான், அதன் முன்பக்கத்தைப் பார்த்தான், ஊரைக் குறிக்கும் இரட்டை ‘சி’ எழுத்துகளின் அடியை நெடுநேரம் நோக்கினான். அந்தக் காசையும் அவள், ‘எஸ்’ எழுத்தை நம்பிய அதே இளவயதில்தான் வாங்கியிருந்தாள். எத்தனை முறை சோதித்திருந்தாலும் இப்போது அவள் அவனுடைய லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெண்டல் லென்ஸை மடித்தான். “கார்சன் சிட்டிதான்” என்று அவன் பையைத் திறந்தான்.

மணி மூன்றரை. கிராத்தியன் பணத்தைக் கோட்டுக்குள்ளே செருகிக்கொண்டு எழுந்தார். லோர்னா பழைய சீட்டில் தன் கையெழுத்தின் கீழே, “எழுத்து ஒட்டப்பட்டது; பார்த்தவள் தவறினாள்” என எழுதி மீண்டும் கையொப்பமிட்டாள்.

“அந்தப் பொய்க் காசையும் குடு. என் பைக்குப் பழகிடுச்சு” என்று கையை நீட்டினார் அவர்.