தெமட்டகொடையில் எடுத்த படம்

வெள்ளவத்தையில் இரத்தம் பரிசோதிக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் அங்கேயே குடியிருக்கும் இரத்தினசிங்கம் இரண்டு பஸ் மாறித் தெமட்டகொடைக்குப் போனார். வெள்ளவத்தையில் எந்த வாசலில் நின்றாலும் தெரிந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்கும். அந்தக் கேள்வி அவருக்கு வேண்டாம்.

துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பகல் பதினொரு மணிக்கே சாராயப் போத்தல் திறபட்டது. ஒரு மாதமாக வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருந்தது. முகம் வழிக்கும்போது கண் இமையை இழுத்துப் பார்ப்பார். கண்ணில் தெரியும் மஞ்சள் செங்கமாரியா, குளியலறை விளக்கின் நிறமா என்று பிடிபடாது. ஈரல் கருகிச் செத்தவர்களின் கதைகளைத் தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தார். வாசித்த பயத்தை ஆற்றுவதற்கு இன்னும் கொஞ்சம் குடித்தார்.

இரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பியபோது மூலைக் கதிரையில் முகக்கவசம் போட்ட ஒருவரைக் கண்டார். நெற்றியே போதுமாக இருந்தது. அவருடைய தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கும் சுகிர்தன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு புதுவருடத்தன்று, வெறியில் மாடிப்படியில் வேட்டி விலகக் கிடந்த இரத்தினசிங்கத்தைப் படம் பிடித்துத் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் போட்டவன் அவன்தான். படம் கொட்டாஞ்சேனையில் மகள் தனுஷியாவின் மாமியார் வீடு வரைக்கும் போனது. மகள் ஒரு வருடம் தகப்பனோடு கதைக்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் சுகிர்தனின் பெயரையும், என்ன பரிசோதனை என்பதையும் சிங்களத்தில் உரக்க வாசித்தாள். அதே ஈரல் பரிசோதனை. இரத்தினசிங்கத்துக்கு ஒரு மாதமாக இல்லாத சந்தோசம் வந்தது. கதவடியில் நின்று தொலைபேசியை உயர்த்தி இரண்டு படம் எடுத்தார்.

பஸ் தரிப்பில் சுகிர்தன் அவரைப் பிடித்துக்கொண்டான். முகக்கவசத்தை இறக்கியிருந்தான்.

"படத்தை அழியும்."

"நீர் என்ர படத்தை அழிச்சனீரோ?"

"நான் உம்மைப்போல குடிகாரன் இல்லை. டொக்டர் சும்மா எழுதித் தந்தவர்."

"கொஞ்சம் தள்ளி நிண்டு சொல்லும். காலமையே மணக்குது."

சுகிர்தனின் விரல்கள் நடுங்கின. அது எந்த நடுக்கம் என்று இரத்தினசிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். தன்னுடைய கையும் காலையில் அப்படித்தான் தேநீரைச் சிந்தியது. ஆனாலும் இரக்கம் வரவில்லை. பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்து, 'ஈரல் பார்க்கத் தெமட்டகொடைக்கு வந்த நல்லொழுக்கச் சீலர்' என்று எழுதிப் படத்தைக் குழுவில் போட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி கௌரியின் கையில் தொலைபேசி இருந்தது.

"இவரை நீங்கள் அங்க எப்பிடிக் கண்டனீங்கள்?"

பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்க்கப் போனதாகச் சொன்னார். அவள் அவருடைய சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கை மடிப்பில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"அண்டைக்கு அந்தாள் செய்தது ஈனவேலை. நீங்கள் அதையே செய்து, உங்களையும் சேத்துக் காட்டிக் குடுத்திருக்கிறியள்," என்றாள்.

மறுநாள் அவளே போய் அறிக்கையை எடுத்து வந்தாள். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் நூற்றெழுபதில் நின்றது. டொக்டர் மஹ்ரூப் வயிற்றை ஸ்கான் பண்ணிப் பார்த்தார். ஈரலில் கொழுப்பும் வீக்கமும் இருப்பதாகவும், இன்னும் இறுகிப் போகவில்லை என்றும் சொன்னார். உடனே நிறுத்தினால் மீளலாம், நிறுத்தும்போது உடம்பு உதறும், அதற்கும் மருந்து உண்டு என்றார். எவ்வளவு குறைத்தால் போதும் என்று இரத்தினசிங்கம் கேட்டார்.

"கொறைக்கிறதுக்குக் கணக்கில்ல. ஒரு சொட்டும் வாணாம்," என்றார் டொக்டர்.

கௌரி அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே மிச்சப் போத்தல்களைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். அவர் அவளுடைய தகப்பனையும் சேர்த்துத் திட்டினார். முதல் வாரம் வியர்த்து, உதறி, மாத்திரையில் நஞ்சு கலந்திருப்பதாகக் கத்தினார். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு மற்ற அறைக்குப் போவாள். நேரம் தவறாமல் மருந்து கொடுத்தாள். ஒரு நல்ல சொல் கொடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சுகிர்தனின் மனைவி ரூபிகா வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள்.

"நீங்கள் போட்ட படத்தாலதான் எனக்கே இவற்ற விசயம் தெரியும். அதுக்கு நன்றி சொல்ல வரேல்லை. இவற்ற அம்மா அதைப் பாத்திட்டு மூண்டு நாள் சாப்பிடேல்லை. இனி நான் லிஃப்டில நிண்டா நீங்கள் ஏறாதேங்கோ."

அவள் போன பிறகு அவர் படத்தை அழிக்கப் பார்த்தார். எல்லாருடைய தொலைபேசியிலிருந்தும் அழிக்கும் நேரம் கடந்துவிட்டது.

மூன்றாம் வாரம் ஒரு மாலை, கால் தன்பாட்டில் சாராயக் கடைக் கம்பி வலைக்கு முன் கொண்டுபோய் நிறுத்தியது. போத்தலின் பெயரைச் சொல்ல வாய் திறந்தவருக்குத் தொடர்மாடிக் காவலாளி காலையில் சொன்னது நினைவு வந்தது. நாலாம் மாடி மாத்தையா பதினைந்து நாளாகக் கடைப்பக்கமே போகவில்லையாம். சுகிர்தன் குடியை நிறுத்திவிட்டான். அவன் இருந்து பார்க்க, தான் முந்திச் சாவதா? அந்த வன்மத்தோடு ஒன்றும் வாங்காமல் திரும்பினார். கௌரியிடம் அதைச் சொல்லவில்லை.

டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவில் கடலோரமாக நடந்தார். நாலாம் நாள் எதிரே சுகிர்தன் வந்தான். அவனையும் யாரோ நடக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒருவன் கடலைப் பார்த்தான், மற்றவர் எதிர்ப்பக்கக் கட்டடங்களைப் பார்த்தார். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். அதற்கும் யாரும் திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் எண் ஐம்பத்தெட்டுக்கு வந்திருந்தது. இன்னும் கூடத்தான், தையில் திரும்ப வரவேண்டும் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து அறிக்கையைக் கௌரியிடம் நீட்டினார். அவள் அதை வாசித்து முடித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு, சோறு ஆறுகிறது, சாப்பிட வாங்கோ என்றாள்.