அப்பா சட்டையில் உட்கார்ந்த பாப்பாத்தி

வண்டிப்பெரியாறுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் அதைப் பாப்பாத்தி என்போம். பள்ளிப் பாடத்தில் வண்ணத்துப்பூச்சி என்றிருந்தது. மலையாள வாத்தியார் பூம்பாற்ற என்றார். நான் வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரியில் இரண்டு காது வைத்த நட்டுக்குப் பட்டர்பிளை என்று பெயர். ஸ்பேனர் வேண்டாம், கையாலேயே கழற்றலாம். இத்தனை பெயர் தெரிந்து என்ன பிரயோசனம்? ஒரு பூச்சியைப் பூச்சி என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். அப்பா இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. எங்கள் முதல் மகள், பத்து மாதக் குழந்தை, மத்தியானத்திலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தாள். நான் வேலை முடிந்து வரும்போது மனைவி அவளைத் துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றாள். அப்போதுதான் பழுப்பு நிறத்தில் பெரிய பாப்பாத்தி ஒன்று உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டையில் உட்கார்ந்தது.

இறந்தவர் அப்படித்தான் வீட்டைப் பார்க்க வருவார், அவராகப் போகும்வரை வீட்டில் உள்ளவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். தாண்டினால் ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடுவாராம். பக்கத்து வீட்டாரும் எட்டிப்பார்த்து அதையேதான் சொன்னார்கள். மனைவி கேட்கவில்லை, செருப்பை மாட்டினாள். நான் குறுக்கே நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்பாவின் உயிர் போகும்போது நான் ஷிப்டில் இருந்தேன். அந்தக் குறை எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்குச் சீனித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

பாப்பாத்தி விடிந்த பிறகுதான் போனது. ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்போதிலிருந்து என்று நர்ஸம்மா கேட்டார். இன்று காலையிலிருந்துதான் என்றேன் நான், கூசாமல். நேற்று மத்தியானத்திலிருந்து என்று மனைவி திருத்தினாள். குளுக்கோஸ் ஏற்ற இறக்கை வைத்த சின்ன ஊசி ஒன்றை எடுத்தார்கள்; அதற்கும் பட்டர்பிளை என்றுதான் பெயர். கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலிலும் கிடைக்கவில்லை. தலையில் குத்தியபோது குழந்தை அழவில்லை. அவ்வளவு வற்றிப்போயிருந்தாள். பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள், அப்பா பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அவர்களை அடிக்கலாம் போலிருந்தது. கொன்றது நான்தான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்தபோது மனைவி அழாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டிவிடு என்று நானே கேட்டேன். அவள் சொன்னது இதுதான்:

“அதட்டியிருந்தீகன்னா ஒங்களத் தள்ளிவிட்டுட்டுப் போயிருப்பேன். கும்பிட்டீகளே.”