பால் டின்னில் ஓடிய சக்கரம்

என் மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய வண்டியின் பின்சக்கரத்தை மாற்றியிருந்தேன். அதன் பேரிங் துளை பெரிது. என் வண்டி அச்சு ஒல்லி. பொருந்தும் பேரிங் தேடிச் சுங்கைப்பட்டாணி போனேன். ஊரே மெச்சும் மெக்கானிக் மேதாவி அளந்துகூடப் பார்க்கவில்லை. பால் டின்னை வெட்டி அச்சில் சுற்றிப் பழைய பேரிங்கையே மாட்டினார்.

"போலே லா, முடியும் தம்பி, பினாங்கு வரைக்கும் தாங்கும்!"

கூட வந்த மனைவியை ஏற்றிக்கொண்டு எங்கள் எஸ்டேட்டுக்குத் திரும்பினேன். வழியில் சிடாம் கிரியிலேயே தகரம் கிழிந்து, சக்கரம் ஆடி, இருவரும் புல்லில் விழுந்தோம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடமே திரும்பப் போய்க் கேட்டேன்.

"டின்னு நல்ல டின்னுதான் தம்பி. உன் பொண்டாட்டிதான் கனம் லா."

இப்போதெல்லாம் சக்கரத்தையும் அச்சையும் கழற்றிக் கையோடு கொண்டுபோகிறேன். இரண்டிலும் ஆடாமல் உட்காரும் பேரிங்கைத்தான் வாங்குகிறேன். அந்த மேதாவியிடம் போவதில்லை. பால் டின் எங்கள் வீட்டிலேயே நிறைய இருக்கிறது.