முப்பது வயதில் எழுதிய ஒரு வரி

முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது. பேராசிரியர் ஹார்லன் விட்காம் கைதுடைக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். "தின்னுட்டு எழுதுங்க புரொபசரே. சட்டம் எங்கயும் ஓடிப்போயிடாது" என்கிறாள், சிற்றுண்டிக் கடையில் பரிமாறும் மர்லீன்.

"ஓடிப்போகாதும்மா. அதான் தொல்லையே."

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பெல்ஃபோர்க் சட்டக் கல்லூரியில் முப்பத்தெட்டு ஆண்டுகள். குடிமகன் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்று நான்கு தடித்த புத்தகங்கள். சிறையிலிருப்பவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மூன்று. துப்பாக்கிச் சங்கத்தார் விருந்துக்குக் கூப்பிட்டு, "அந்த ஜெயில் பேச்சு மட்டும் வேணாமே" என்பார்கள். சிறைச் சீர்திருத்தக்காரர்கள் கூப்பிட்டு, "துப்பாக்கிய வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்பார்கள். இரண்டு இடத்திலும் வேண்டாமென்றதைத்தான் முதலில் பேசுவார். இரண்டாவது அழைப்பு எங்கிருந்தும் வந்ததில்லை.

விடைத்தாளில் யாராவது 'அனைவரும் ஒப்புக்கொண்டபடி' என்று எழுதிவிட்டால் போச்சு. ஓரத்தில் சிவப்பு மையில் கேட்பார்: 'அனைவரும் என்றால் யார்? பெயர் சொல்லு.'

சென்ற மார்ச்சில், குதிரைக்கு லாடம் அடிக்கும் டுவேன் கெசலுக்காகக் கூலி வாங்காமல் வழக்காடினார். டுவேன் பத்தொன்பது வயதில் பக்கத்துப் பண்ணை லாரியைத் திருடி ஓட்டி, தண்டனையும் அனுபவித்தவர். அப்படிப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். இருபத்தாறு ஆண்டு கழித்து, கொட்டகையில் பற்றிய தீயை அணைக்க வந்தவர்கள், சுவரில் தொங்கிய அவருடைய அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டார்கள்.

விட்காம் ஒரு மணி நேரம் வாதாடினார். அரசு வழக்கறிஞர் எழுந்து, ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்து, ஓர் அடிக்குறிப்பை வாசித்தார்: "ஒருமுறை குற்றவாளியானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதை அனைவரும் ஒப்புக்கொள்வர்."

நல்ல வாக்கியம்தான் என்று விட்காம் தலையசைத்துவிட்டார். பிறகுதான் அது தன்னுடையது என்று உறைத்தது.

"எழுதினவர் சொல்றது தப்பா, புரொபசர்?" என்றார் நீதிபதி.

"தப்புதாங்க. அப்ப அவனுக்கு முப்பது வயசு. ஜெயிலுக்குப் போன ஒருத்தரைக்கூட அவனுக்குத் தெரியாது."

அவை சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். "அந்தப் புத்தகத்தைப் படிச்சுதான் நான் பாஸானேன். இன்னைக்கு நீங்க பேசினதவிட அது தெளிவா இருக்கு."

டுவேனுக்கு மூன்று ஆண்டு சிறை. தீர்ப்பில் அந்த அடிக்குறிப்பு முழுதாக, ஆசிரியர் பெயரோடு இடம்பெற்றது. வாழ்நாளில் எந்த நீதிமன்றமும் விட்காமை அவ்வளவு மரியாதையாக மேற்கோள் காட்டியதில்லை.

விட்காம் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். காவலர் விலங்கு பூட்டி முடித்ததும் டுவேன் அவரைப் பார்த்தார்.

"உக்காருங்க சார்."

பூட்டிய இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, நாற்காலியைக் கிழவர் பக்கம் இழுத்துப் போட்டார் டுவேன். விட்காம் உட்காரவில்லை. டுவேனைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திய பிறகும், நின்றுகொண்டேயிருந்தார்.