ஐயாயிரத்தில் இறங்கிய கை

எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் பாம்புச்செவி என்று பெயர். ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் ஹவுஸில் மெக்கானிக், முப்பது வருஷ சர்வீஸ். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "பேரிங் சரி" என்பார். இல்லாவிட்டால் "ரெண்டு வாரம் தாங்கும்" என்பார். சொன்னால் சொன்னதுதான். அதிர்வை அளக்க ஆபீஸில் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். அதை இவர் மதித்ததே இல்லை. "பேரிங் கெடும்போது முதல்ல கீச்சுனு கத்தும். உறுமல் வந்துட்டா காலம் கடந்துடுச்சுனு அர்த்தம். அந்தக் கீச்சைப் பிடிக்கக் காது வேணும், மீட்டர் இல்ல" என்று என்னிடமே நூறு தடவை சொல்லியிருக்கிறார். என்னமோ நாளைக்கு நான்தான் போய் பம்ப் கழற்றப் போகிற மாதிரி.

அந்தப் பாம்புச்செவி வீட்டு வாசலோடு நின்றுவிடும். சமையலறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் மனிதர் திரும்ப மாட்டார். குக்கர் விசில் அடித்தே ஓய்ந்தாலும் எழுந்து அடுப்பை அணைக்க மாட்டார். "செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று நான் கத்துவேன். "முணுமுணுக்காம வாயத் திறந்து பேசு" என்பார். நான் முணுமுணுக்கிறேனாம்! என் குரல் மாடி வீட்டுக்காரர்களுக்கே மனப்பாடம்.

இந்த வருஷம் அவருக்கு ஸ்பீக்கர் செய்யும் ஆசை பிடித்தது. கடையில் விற்பதெல்லாம் அநியாய விலை, தானே செய்தால் கால்வாசியில் முடியும் என்றார். கனமான சத்தத்துக்கு வூஃபர் என்று ஒரு பெரியது, மெல்லிய சத்தத்துக்கு ட்வீட்டர் என்று ஒரு சின்னது. எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப உள்ளே ஒரு காயிலும் கெப்பாசிட்டரும். பெட்டிக்கு எங்கள் பழைய அலமாரியின் கதவுகள் போயின. காற்று வெளியேறும் குழாய்க்குக் குளியலறை வேலையில் மிச்சமான பிளாஸ்டிக் பைப். உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டும் என்று என் தலையணையைக் கிழித்தார். பசை காயும்வரை பெட்டியின் மேல் பாரம் வேண்டும் என்று என் தையல் மெஷினைத் தூக்கி வைத்தார். இரண்டு நாள் நான் ரவிக்கை தைக்காமல் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வாங்கியது இரண்டு ட்வீட்டர்களை மட்டும்தான்.

சும்மா சொல்லக் கூடாது, பெட்டிகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்திருந்தன. முதல் பாட்டு ஓடியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"ட்வீட்டர் மந்தமா இருக்கு. கம்பளியப் போத்தின மாதிரி இருக்கு."

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்."

ட்வீட்டர் அதிகம் கத்தாமல் இருக்க அதன் வழியில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தார். மறுநாள் அதைக் கழற்றி எறிந்தார். பாட்டைப் போட்டார். பாடகி மூக்கில் ஊசி ஏறியது போல் பாடினாள். தாளத்தின் ஒவ்வொரு தட்டும் பல்லில் பட்டது. கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டாள். இவரோ, "இப்பக்கூடப் பத்தல" என்று முகத்தைச் சுளித்தார். கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டானாம். அந்தக் கடைக்காரரை ஒரு வாரம் திட்டித் தீர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள்தான் போனில் ஏதோ ஒரு ஆப் இறக்கினாள். கீழ் சத்தத்திலிருந்து மேல் சத்தம்வரை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போகும். எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். நாற்காலியில் இவர் தலை இருக்கும் உயரத்துக்கு என் சமையல் டப்பாக்களை அடுக்கி அதன் மேல் போனை வைத்தாள். கோடு பாதிவரை சமதரையில் நடந்து, மூவாயிரம் ஹெர்ட்ஸ் என்ற இடத்தைத் தாண்டியதும் மாடிப்படி ஏறியது.

"பாருங்கப்பா, ட்வீட்டர் ரொம்ப அதிகமா இருக்கு. ரெசிஸ்டர திரும்பப் போடணும்."

"போனுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷமா இந்தக் காத வச்சுத்தான் சோறு போடுறேன். நானே நிரூபிக்கிறேன். மறுபடி போடு. சத்தம் கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சிருக்கேன். எங்க நிக்குதோ அங்க இறக்குறேன். நம்பர எழுதிக்கோ. அப்படியே அந்தக் கடைக்காரன் மூஞ்சில வீசுறேன்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். பம்ப் முன்னால் நிற்கும் அதே முகம். சத்தம் உறுமலாகத் தொடங்கி, சங்காகி, விசிலாகி ஏறியது. மகள் நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலாயிரம். நாலாயிரத்து ஐந்நூறு. ஐயாயிரம்.

கை இறங்கியது.

"நின்னுடுச்சு! பாத்தியா? நான் சொன்னேன்ல, ட்வீட்டர் செத்துப்போச்சு!"

சத்தம் நிற்கவில்லை. அறையே கிழிகிற மாதிரி வீறிட்டுக்கொண்டிருந்தது. முதலில் நான் சிரித்துவிட்டேன். எங்களைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மகளும் "அப்பா, விளையாடாதீங்க" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். வெற்றிச் சிரிப்பு வாயில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி என் கைகளைப் பார்த்தார்.

"இன்னும் வருதா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இத்தனை வருஷம் நான் கூப்பிட்டது, விசில் அடித்தது, நான் சங்கு என்று கத்தியது, எல்லாம் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தன. இந்த மனிதரையா அப்படிச் சொன்னேன்!

மகள் போனை நிறுத்தினாள். அறை அமைதியானது. அவருக்கு மட்டும் அது முன்பே அமைதியாகத்தான் இருந்திருக்கிறது.

இவர் வெளுத்துப்போன முகத்தோடு எழுந்தார். "மூணாம் நம்பர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். வியாழக்கிழமை மூன்றாம் பம்பில் மீட்டர் சிவப்பு காட்டியிருக்கிறது. ஆபரேட்டரும் ஏதோ கீச்சென்று கேட்பதாகச் சொல்லியிருக்கிறான். இவர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, பேரிங் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"நீயும் வா. உன் காது வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து வேலை விஷயத்தில் என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட யோசிக்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

பம்ப் ஹவுஸ் கதவைத் திறந்ததுமே எனக்குக் கேட்டுவிட்டது. மோட்டார்களின் இரைச்சலுக்கு மேலே, தகரத்தில் ஆணி இழுப்பது போல ஒரே கோடாக ஒரு சத்தம். மூன்று பம்புகளில் கடைசியிலிருந்து வந்தது. கை எட்டும் தூரத்தில் ஆபரேட்டரின் நாற்காலி. அதில் அவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, அதுதான். கத்துதுங்க" என்றேன்.

இவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து பேரிங்கின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடினார். நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"ஒண்ணுமே கேக்கலயே" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தானே போய் ஸ்விட்சை அணைத்தார்.

சூடு ஆறும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றினார். உள்ளே கிரீஸ் கரியாகியிருந்தது. பளபளக்க வேண்டிய குண்டுகள் நீலம் பாரித்துக் கிடந்தன. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் இறுகி, தண்டே முறிந்து பறந்திருக்கும் என்று பிறகு சொன்னார். ஆபரேட்டர் மூடியையும் தன் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டான்.

"சொன்னே. நான்தான் கேக்கல" என்றார் இவர்.

வேலைப் புத்தகத்தைத் திறந்தார். வியாழக்கிழமை போட்ட கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: மூன்றாம் நம்பர் நிறுத்தப்பட்டது. காரணம், பேரிங் சத்தம். கேட்டவர், என் மனைவி. நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "இருக்கட்டும், பொய் எழுதக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ரெசிஸ்டரைத் தேடியெடுத்தார். மகளின் போனில் கோட்டைப் பார்த்துப் பார்த்து, அது சமதரைக்கு வரும்வரை மாற்றி மாற்றிப் பற்றவைத்தார். ஒரு தடவைகூடக் காதால் கேட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் பாட்டைப் போட்டார். பாடகி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பாடினாள். அவ்வளவு நன்றாக இருந்தது.

"உங்களுக்கு?" என்றேன்.

"கம்பளிதான். இருக்கட்டும், கேக்கப்போறது நீங்கதானே."

பாட்டு முடிந்தும் எழுந்திருக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றார். வேலை இருக்குமோ இருக்காதோ. நான் இவர் எதிரில் போய், என் வாயைப் பார்க்கும்படி உட்கார்ந்து, போய்ச் சொல்லுங்க, பார்த்துக்கலாம் என்றேன்.

"நீ கூட வர்றியா?" என்றார்.

"ஆபீஸுக்கா? நான் எதுக்குங்க?"

"இன்ஜினியர் மெதுவாப் பேசுவார். ஆறு வருஷமா அவர் என்ன சொல்றார்னே எனக்குத் தெரியல. தலைய ஆட்டிட்டு வந்துடுவேன்."