சலாமத் அக்கா நீட்டும் மாத்திரை

கரண்டியின் முதுகால் அரை மாத்திரையை நசுக்கிக்கொண்டே சலாமத் அக்கா பேசுவாள். "பாரு, மாவு மாதிரி ஆயிடுச்சு. இதை மனுஷன் கண்டுபிடிச்சுட்டார்னா என் பேரை மாத்திக்கிறேன்." பொடி கிண்ணத்தில் விழும். மேலே சூடான பச்சைத் தேநீர். கசப்போடு கசப்பு.

மனுஷன் என்றால் துர்குன் அண்ணன், அவள் கணவர். எங்கள் உஸ்பெக் ஊரான மர்கிலானில், சந்தை முனையில் ஆயுசு முழுக்கத் தேநீர்க்கடை நடத்தியவர். இப்போது மறதி நோய். பொழுது சாய்ந்தால் போதும், கடையைத் திறக்கணும் என்று வாசல் கதவைப் பிய்ப்பார். தடுத்தால் அடி. அக்காவின் கையில் கன்றிய தடம் ஆறுவதே இல்லை. அந்தப் படபடப்பை அடக்கத்தான் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். நேரே கொடுத்தால், "யாரு நீ? விஷம் வைக்கிறியா?" என்பார்.

அக்கா ஆள் குள்ளம், வாய் நீளம். பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள். சாப்பிடாத பிள்ளையை மூக்கைப் பிடித்தாவது சூப் குடிக்க வைத்துவிடுவாள். கட்டின புருஷனிடம் தோற்பாளா?

மருந்துக்கு நோய் கேட்கவில்லை. "கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறார் டாக்டர்!" என்று சத்தியம் செய்தாள். டாக்டரம்மா அரை மாத்திரையை முழு மாத்திரை ஆக்கினார். அவர் அப்படியேதான் இருந்தார். அக்காதான் மாவு பிசையும்போதே தூங்கி விழுந்தாள். "வயசாகுது தங்கச்சி." ஒரு சாயங்காலம் அங்கே தேநீர் குடித்த பக்கத்து வீட்டுக்காரி எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டேன். அடுத்த நாள் சந்தேகத்தோடு போய் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் முதல் கிண்ணத்தை யார் குடிக்கிறார்கள்? சாரம் இறங்க, மூன்று தரம் கெட்டிலுக்கே திருப்பி ஊற்றணும். பெண்டாட்டியை மறந்தவர் இதை மறக்கவில்லை. பொடி கலந்த தேநீரைக் கெட்டிலுக்கு அனுப்பிவிட்டு, சுற்றி இருக்கிற எல்லாருக்கும் பகிர்ந்து ஊற்றியிருக்கிறார். பாழாய்ப்போன உபசாரம்! எங்கள் ஊரில் எல்லாக் கையும் செய்கிற வேலை, யார் கண்ணில் படும்?

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா கத்தித் தீர்த்துவிட்டார். "முழு மாத்திரையும் நிஜமாவே உள்ளே போயிருந்தா, விழுந்து இடுப்பை உடைச்சிருப்பார். என்னைக் கேக்காம நசுக்கலாமா? இனிமே ஒளிச்சுக் குடுக்கிறது கிடையாது. பழையபடி அரை. சொல்லிக் குடுங்க. துப்பிட்டா அன்னைக்கு விட்டுடுங்க, இன்னொண்ணைத் திணிக்காதீங்க."

தாஷ்கந்திலிருந்து மகள் நோதிரா போனில் வேறு யோசனை சொன்னாள். "சந்தையில தூக்க மாத்திரை விக்கிறாங்களேம்மா, ரெண்டு போட்டுப் படுக்க வை. இல்லேன்னா ஆஸ்பத்திரியில விட்டுடலாம். உன்னை அடிச்சே கொன்னுடுவார்."

"உங்கப்பா என்ன மாடா, கட்டிப் போட?" என்று போனை வைத்தாள் அக்கா. வைத்துவிட்டு அழுதாள். மருந்து இறங்காவிட்டால் அவரை ஆஸ்பத்திரியில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவளுக்கே தெரியும்.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் அரை மாத்திரையை உள்ளங்கையில் நீட்டிக்கொண்டு அவர் எதிரே உட்கார்கிறாள். "ஏங்க, நோதிரா அப்பா, டாக்டர் குடுத்தது. மனசு அமைதியாகும்." பெரும்பாலும் துப்பிவிடுகிறார். அவள் பொறுக்கிப் போட்டுவிட்டு, வாசல் கதவை மறித்துப் போய் நிற்கிறாள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு. அவளுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

நேற்று அவர் துப்பவில்லை. மாத்திரையை எடுத்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு!

"வாங்க, வாங்க. எந்த ஊரும்மா? நம்ம கடைக்கு முதல் தடவையா?"

விருந்தாளிக்கு முதல் கவளத்தைத் தன் கையால் ஊட்டுவது எங்கள் வழக்கம். அந்தக் கையைத் தள்ளினால் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. மாத்திரையை விரல் நுனியில் ஏந்தி அவள் உதட்டருகே கொண்டுபோனார்.

"அக்கா, வேண்டாம்!" என்றேன்.

சலாமத் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். புது விருந்தாளியைப் போலக் கண்களைத் தாழ்த்தி, வாயைத் திறந்தாள்.